மூன்றாம் தசமம்

ரூவியில், பணமாற்றுக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
கீழே வரிசை. அந்த வரிசை நகர
மேலே நாங்கள் எழுதும் மென்பொருள்.
லிஃப்ட் வேலை செய்யாது.

நான் டெஸ்டர்.
ஆறு வருடம் கையாலேயே சோதித்தேன்.
பெயர்க் கட்டத்தில் அஅஅ,
தொகைக் கட்டத்தில் நூறு,
அனுப்பு. பச்சை. அடுத்தது.
நூறு, ஐம்பது, இருநூறு.
பூஜ்ஜியம் இருக்கும் இடம் சுண்டுவிரலுக்கே தெரியும்.

நோன்பு மாதம், எல்லோரும் சீக்கிரம் கிளம்பிய பிற்பகல்களில்
ஏசி இரைச்சலில் பைத்தான் படித்தேன்.
முதல் நாள் ஒரே ஓர் இடைவெளி பிசகி
முப்பது வரியும் படுத்துக்கொண்டது.
திட்டவில்லை. பதினேழாம் வரி என்று மட்டும் சொன்னது.
திருத்தினேன்.
பதினேழாம் வரி என்றது.

அப்புறம் காத்திருக்கப் பழகினேன்.
ஐந்து நொடி தூங்கு என்று முதலில் எழுதினேன்;
ஆறாம் நொடியில் வந்து நின்ற பொத்தானை
என் நிரல் பார்க்கவே இல்லை,
தோல்வி என்று குறித்துவிட்டுப் போயிருந்தது.
அதை அழித்துவிட்டு எழுதினேன்:
பொத்தான் கண்ணில் படும்வரை நில்.
எவ்வளவு நேரம் என்பதல்ல, எதற்காக என்பதுதான் கணக்கு.
(மிஞ்சினால் முப்பது நொடி. எதற்கும் ஒரு வரம்பு வேண்டுமே.)

இந்த ஊரில் ரியாலுக்கு ஆயிரம் பைசா.
புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம்.
மென்பொருளில் பாதி வேறு நாட்டுக்கென்று செய்தது,
அங்கே இரண்டே போதும்.
இதெல்லாம் தெரிந்து நான் தொடங்கவில்லை.
சுழல் எழுதத் தெரிந்துவிட்ட திமிரில்,
திரையைத் தொடாமல் பின்வாசல் வழியாக,
ஒரு பைசாவில் ஆரம்பித்து
ஒவ்வொரு பைசாவாக நூறு ரியால் வரை
ராத்திரி முழுக்க அனுப்பவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் தொண்ணூறாயிரம் சிவப்பு.

46.085 புறப்பட்டால் 46.08 போய்ச் சேர்கிறது.
மிச்சம் ஐந்து பைசா
அனுப்பியவர் கணக்கிலும் இல்லை, பெற்றவர் கணக்கிலும் இல்லை.
பூஜ்ஜியத்தில் முடிந்த தொகைகள் மட்டும் பச்சை.
நான் ஆறு வருடம் சோதித்த தொகைகள்.

மேலாளர் துஷார் காம்ளே சிரித்தார்:
ஐந்து பைசாவுக்கு இங்கே மிட்டாய்கூட வராது.
பதில் சொல்ல எனக்குச் சட்டென்று வராது, எப்போதுமே.
அறிக்கையின் கடைசி வரியில் நிரலே கூட்டி வைத்திருந்தது:
நானூற்றைம்பது ரியால், துல்லியமாக.
என் சம்பளத்தில் முக்கால்வாசி.

அப்போதுதான் அந்தோணிப்பிச்சை நினைவுக்கு வந்தார்.
சாரம் கட்டுகிறவர். மாதாமாதம் கீழே வருவார்,
ஊரில் கடன் தவணை, சரியாகப் பத்தாயிரம் ரூபாய் போகணும் என்பார்.
சரியாக என்று கேட்பவருக்குத்தான்
புள்ளிக்குப் பின் மூன்று கட்டமும் நிரம்பும்.
போய்ச் சேர்ந்தது
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
ஒரு ரூபாய் குறைந்தால் தவணை தவணையில்லை.
கவுண்டரில் சர்வர் பிரச்சினை என்றார்கள்.
படியேறிக்கொண்டே நானும் அதைக் கேட்டிருக்கிறேன்.
ஏறிப்போய் நூறு, ஐம்பது, இருநூறு.

ஸுவைனா திரையை ஒரு நிமிடம் பார்த்தாள்.
இது நான் எழுதின வரி, என்றாள்.
மதியத் தொழுகைக்கு முன்பே மாற்றிவிட்டாள்.

சோதனைக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும்.
பைத்தான் தமிழையும் ஏற்கும் என்று அன்று தெரிந்தது.
பத்தாயிரம்_குறையாமல் என்று வைத்தேன்.
எப்படிப் படிப்பது, கேட்டாள் ஸுவைனா.
சொன்னேன். றகரம் வரவில்லை அவளுக்கு.
இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு ஒப்புதல் அழுத்தினாள்.
இப்போது தினமும் இரவு இரண்டு மணிக்கு ஓடுகிறது.
பச்சை.

முன்பு போன பைசாக்கள் திரும்பினவா என்றால்,
அது என் நிரலின் எல்லைக்கு வெளியே.
கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.
முப்பது நொடி எப்போதோ தாண்டிவிட்டது.